சாட்சிக் கூண்டில் ஏறப் போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

சம்மன் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உன் வீட்டுக்காரர் கொலை வழக்கில் அடுத்த மாதம் செஷன்ஸ் கோர்ட்டில் நீ கூண்டு ஏற வேண்டும். கோர்ட் காகிதங்களில் இனி உனக்குப் பெயர் 'அ.சா.1', அரசுத் தரப்பு சாட்சி ஒன்று. புகார் கொடுத்தவளும் நீ, கண்ணால் பார்த்தவளும் நீ. அதனால் வழக்கின் பாரம் பெரும்பாலும் உன் தலையில்தான்.

"எதையும் மறந்துடாதம்மா" என்று வீட்டில் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். மறந்துபோனதைக் கோர்ட் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். புதிதாகச் சேர்த்துச் சொன்னதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். எப்படிப் பிடிப்பார் என்று தெரிந்துகொண்டு போ.

உன் பேச்சு ஏற்கெனவே இரண்டு இடத்தில் எழுத்தில் இருக்கிறது. ஒன்று, அன்று இரவு ஸ்டேஷனில் நீ கையெழுத்துப் போட்ட புகார். அதன் மேல்தான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். இன்னொன்று, இன்ஸ்பெக்டர் உன்னை விசாரித்து எழுதிக்கொண்ட வாக்குமூலம். அதில் உன் கையெழுத்து இருக்காது. போலீஸ் விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ இன்றுவரை படித்திருக்க மாட்டாய். எதிரிகளின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின், வக்கீல் கையிலோ அதன் நகல் எப்போதோ போயிருக்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 230-ஆவது பிரிவின்படி, எதிரிகள் கோர்ட்டில் ஆஜரான 14 நாளுக்குள் நகல்களைக் கொடுத்துவிட வேண்டும். உன் சார்பில் ஒரு வக்கீல் ஆஜராகியிருந்தால் உனக்கும் அதே நகல்கள் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. வக்கீல் வைக்கவில்லை என்றால், சாட்சி சொல்லும் நாளன்று காலையில் அரசு வக்கீலான பி.பி.யைப் பார்த்து இரண்டையும் படித்துக்காட்டச் சொல். "சாட்சிக்கு வருமுன் படித்துப் பார்த்தீர்களா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், ஆமாம் என்று சொல். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

இப்போது கண்ணி எங்கே என்று பார். புகாரில், "முதல் ஆள் கழுத்தில் வெட்டினான், கூட இருந்த மூன்று பேரும் சரமாரியாக வெட்டினார்கள்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள். பிறகு பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ் வந்தது. இடது மணிக்கட்டில் ஒரு காயம் என்று அதில் படித்தாய். துக்கம் கேட்க வந்தவர்களிடம் பேசிப் பேசி, மூன்றாவது ஆள்தான் மணிக்கட்டில் வெட்டினான் என்பது உன் மனசுக்குள் கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று நீ நினைக்கவில்லை. ஆனால் கூண்டில் ஏறி அதைச் சொன்னால் வக்கீல் அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதைப் போலீஸ் விசாரணையில் சொன்னீர்களா?" சொன்னேன் என்பாய். அவர் சண்டை போட மாட்டார், உட்கார்ந்துவிடுவார். மாதக்கணக்கில் கழித்து, கடைசிச் சாட்சியாக இன்ஸ்பெக்டர் ஏறும்போது அவரிடம் கேட்பார்: "அ.சா.1 உங்களிடம் அப்படிச் சொன்னாரா?" இன்ஸ்பெக்டர் கோப்பைப் புரட்டிவிட்டு, "என்னிடம் விசாரணையில் அவ்வாறு கூறவில்லை" என்பார். அன்று நீ கோர்ட்டில்கூட இருக்க மாட்டாய். தீர்ப்பில் அது 'முரண்பாடு' என்று ஏறும். மூன்றாவது ஆள் வெளியே போவதற்கு அந்த ஒரு வரி போதும்.

போலீஸ் வாக்குமூலத்தில் விடுபட்டது எல்லாமே முரண்பாடு ஆகாது. வழக்கின் மையத்தைத் தொட்டால்தான். நெல்லையும் பதரையும் பிரித்துப் பார்ப்பதுதான் இங்குள்ள நீதிமன்றங்களின் வழக்கம், ஒரு பொய்க்காக முழுச் சாட்சியத்தையும் தூக்கி எறிவதில்லை. ஒரே சாட்சி போதும், எண்ணிக்கை அல்ல தரம்தான் முக்கியம் என்று 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் எடுத்தாளப்படுகிறது. "மனைவிதானே, ஒருதலையாகத்தான் பேசுவார்" என்று வக்கீல் சொல்வார். அதற்கும் 1953-இலேயே தலிப் சிங் வழக்கில் பதில் வந்துவிட்டது: உண்மையான கொலைகாரனை விட்டுவிட்டு வேறொருவனை மாட்டிவிடச் சொந்தக்காரர்கள் எளிதில் துணிய மாட்டார்கள் என்று.

எஃப்.ஐ.ஆர். மூலப் பிரதியில் மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நேரம் எழுதியிருக்கும். அனுபவமுள்ள வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான். இரவு 10 மணிக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். மறுநாள் மதியம்தான் மாஜிஸ்திரேட் கைக்குப் போயிருந்தால், நடுவில் உட்கார்ந்து பேசி ஆட்களின் பெயரைச் சேர்த்தார்கள் என்பார். அந்தத் தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது போலீஸ். ஸ்டேஷனுக்கு நீ எத்தனை மணிக்குப் போனாய், புகாரை யார் எழுதினார்கள், படித்துக்காட்டினார்களா, இவ்வளவுதான் உன் பொறுப்பு.

தூரம், வெளிச்சம், நேரம் மூன்றையும் கட்டாயம் கேட்பார்கள். போலீஸ் போட்ட சம்பவ இட மாதிரி வரைபடத்தில் தெருவிளக்கு எங்கே இருக்கிறது என்று அவர்கள் குறித்து வைத்திருப்பார்கள். அடிக்கணக்கு தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லாதே. "இங்கிருந்து அந்தக் கதவு வரை இருக்கும்" என்று கையைக் காட்டு, ஜட்ஜ் குறித்துக்கொள்வார். 'தெரியாது', 'ஞாபகம் இல்லை' இரண்டும் முழுப் பதில்கள்தான். கடைசியில், "நீங்கள் சம்பவ இடத்திலேயே இல்லை, போலீஸ் சொல்லிக்கொடுத்துப் பொய்சாட்சி சொல்கிறீர்கள்" என்று வரிசையாக அடுக்குவார். அது அவர் தொழில் முறை, கோபப்படாதே. 'அது சரியல்ல' என்று மட்டும் சொல். 'என்று சொன்னால் சரியல்ல' என்று பதிவாகும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பி.பி. ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து உன் வீட்டுக்காரர் சட்டையைக் காட்டுவார். நூலில் ஓர் அட்டை தொங்கும். ரத்தம் சிவப்பாக இருக்காது, காய்ந்து காபிக் கறை மாதிரி ஆகியிருக்கும், துணி விறைத்திருக்கும். "இது அவர் அன்று போட்டிருந்த சட்டை" என்று நீ அடையாளம் சொல்ல வேண்டும். எதிரிகள் பக்கத்துக் கூண்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் கேள். ஐந்து நிமிடம் கேள். கொடுப்பார்கள்.

சமாதானம் பேச வருவார்கள், ஒருவேளை வந்தும் இருப்பார்கள். கொலை வழக்கில் சமாதானம் என்பது சட்டத்தில் கிடையாது. அதற்கு நடைமுறையில் ஒரே அர்த்தம், நீ பிறழ் சாட்சி ஆவது, அதாவது முன்பு சொன்னதைக் கூண்டில் மாற்றிச் சொல்வது. பொய்சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டுவது தனிக் குற்றம், 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. மிரட்டல் வந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மனுக் கொடு. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைப் பார்க்கும். போலீஸ் 5 வேலை நாளுக்குள் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும். யார், எந்தத் தேதி, எந்த எண்ணிலிருந்து என்று எழுதிக் கொடு. 'மிரட்டுகிறார்கள்' என்று மொட்டையாக எழுதிய மனு நகராது.

சாதி வெறியில் கொல்லப்பட்ட இளைஞர் கோகுல்ராஜ் வழக்கை நினைத்துக்கொள். 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். ஆனாலும் திருச்செங்கோடு கோயில் சி.சி.டி.வி. பதிவு நின்றது, தாயாரும் விடவில்லை, வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் 10 பேருக்குத் தண்டனை. ஏழு வருஷம் ஆயிற்று.

பி.பி. உன்னிடம் கேட்கும் முதல் விசாரணை முடிந்த அன்றே குறுக்கு விசாரணையும் முடிய வேண்டும் என்று பி.பி.யிடம் கேட்டுக்கொள். வாய்தா வாங்கினால் இடைவெளியில்தான் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். பஞ்சாபில் ஒரு வழக்கில் 20 மாதம் தள்ளி நடந்த குறுக்கு விசாரணையில் சாட்சி பிறழ்ந்ததை உச்ச நீதிமன்றம் 2015-இல் கடுமையாகக் கண்டித்தது.

எல்லாம் முடிந்ததும் தட்டச்சான தாள்களை நீட்டுவார்கள். பசியும் களைப்புமாக இருப்பாய், பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். அப்படியே கையெழுத்துப் போடாதே. படித்துக்காட்டக் கேட்பது உன் உரிமை. 'விளக்கு எரிந்தது' என்று நீ சொன்னது 'எரியவில்லை' என்று விழுந்திருந்தால் அங்கேயே ஜட்ஜிடம் சொல், குறித்துக்கொள்வார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, அதற்கப்புறம் கையெழுத்துப் போடு. பயணப்படி கேட்டு வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்.

அன்புடன்,
அண்ணன்