மாஸ்டர், உங்கள் காலைக் கொஞ்சம் எடுங்கள்

சென்னையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் உயிரையும் உங்கள் உயிரையும் சேர்த்துக் காப்பாற்றும் எல்லா மாஸ்டர்களுக்கும்,

வணக்கம். நான் முப்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றவள். எந்த ஸ்கூல் என்று சொல்லப் போவதில்லை, அந்த ஒருவர் மேல் புகார் சொல்ல இதை எழுதவில்லை. ஆபீஸில் ஏழெட்டுப் பேரிடம் விசாரித்தேன், அம்பத்தூரில் கற்றவருக்கும் அடையாறில் கற்றவருக்கும் கதை ஒன்றுதான்: அவசரத்துக்கு பிரேக்கை முழுசாக மிதிக்க யாரும் பழக்கவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுரவாயலில் இருந்து தாம்பரம் பக்கம் போகும் பைபாஸில் வந்துகொண்டிருந்தேன். போரூருக்கு இறங்கும் இடம் நெருங்குகிறது. எனக்கு முன்னால் வலது ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் காருக்கு, இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்பது கடைசி நொடியில்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அப்படியே குறுக்கே இடது பக்கம் வெட்டினார். இடது பக்கம் ஒரு லாரி. அதன் பம்பர் காரின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டியது, அவ்வளவுதான், கார் ஒரு சுற்றுச் சுற்றி நடுத்திட்டில் போய் மோதி, என்னைப் பார்த்தபடி திரும்பி நின்றது.

என் வண்டி அறுபதில் போய்க்கொண்டிருந்தது. அறுபது என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர், அதாவது கண் பார்த்து, மூளைக்குப் புரிந்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே ஒரு பஸ் நீளத்துக்கு மேல் போய்விடுவோம். அந்த நொடியில் என் கால் என்ன செய்தது தெரியுமா? முதலில் கிளட்ச்சைத் தேடியது. இருபத்தொரு நாளும் நீங்கள் என் காதில் ஓதியது அதைத்தானே: "மேடம், வண்டி ஆஃப் ஆகக் கூடாது, கிளட்ச்சை மிதிங்க." எதிரே ஒரு கார் நொறுங்கி நிற்கிறது, நான் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுமோ என்று கவலைப்படுகிறேன்! ஆஃப் ஆனால் என்ன, ஆகட்டுமே என்று ஒரு தடவையாவது யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று நடுங்கியது, எதிர்த்து உதைத்தது. பிரேக் உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். பிரேக்கோடு சேர்ந்த ஏபிஎஸ் என்ற அமைப்பு வேலை செய்யும்போது பெடல் அப்படித்தான் நடுங்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அது விட்டு விட்டுப் பிடிக்கிறது, நாம் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் ஸ்டீயரிங்கும் திரும்பும், வண்டியும் நிற்கும் என்பதெல்லாம் அன்று ராத்திரி எங்கள் அபார்ட்மெண்ட் மெக்கானிக் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தப் பெடலை அடிவரை மிதித்ததில்லை.

ஏன் மிதித்ததில்லை என்று யோசித்தபோதுதான் இந்தக் கடிதத்துக்கான காரணம் பிடிபட்டது. கற்றுக்கொண்ட வண்டியில் உங்கள் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது, மாஸ்டர். நாய் குறுக்கே வந்தால் நீங்கள் மிதித்தீர்கள், ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றால் நீங்கள் மிதித்தீர்கள். "ஸ்டீயரிங்கை நீங்க பாருங்க, பிரேக்கை நான் பார்த்துக்கிறேன்" என்று தைரியம் வேறு சொன்னீர்கள். நல்ல மனசில்தான் சொன்னீர்கள், ஆனால் என் கால் ஒன்றுமே கற்காமல் லைசென்ஸ் வாங்கிவிட்டது.

சட்டத்தில் இது இல்லாமலும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதி, லைசென்ஸ் தேர்வில் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது, அதில் அவசரமாக வண்டியை நிறுத்துவதும் ஒன்று. பயிற்சி என்றால் குறைந்தது 21 நாள், கையில் ஸ்டீயரிங் பிடித்து ஓட்டுவது 10 மணி நேரம் என்றும் விதி இருக்கிறது. அந்த பத்து மணி நேரத்தில் கால் மணி நேரம் போதும். காலியான மைதானமோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ காக்கை இல்லாத ஒரு லேஅவுட் ரோடோ பார்த்து, நாற்பதில் ஓட்டச் சொல்லி, "இப்போ மிதிங்க, முழுசா மிதிங்க" என்று நாலு தடவை கத்துங்கள். டயர் தேயும் என்பீர்கள். தேயும்தான். ஃபீஸில் நூறு ரூபாய் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, நான் எப்படித் தப்பித்தேன்? பாதி அதிர்ஷ்டம், பாதி இடைவெளி. இடைவெளி என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரும், சென்னையில் இடைவெளி விட்டால் அதில் ஒரு ஆட்டோவும் இரண்டு பைக்கும் குடியேறிவிடும் என்று. உண்மைதான். குடியேறினால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து மறுபடி இடைவெளி விட வேண்டியதுதான், அதனால் வீட்டுக்குப் போக ஒரு நிமிஷம் லேட் ஆகுமா? முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் நிதானமாக ஒண்ணு, ரெண்டு என்று எண்ண வேண்டும், எண்ணி முடிப்பதற்குள் நாம் அந்தக் கம்பத்தைத் தொடக் கூடாது, மழை என்றால் இன்னும் இரண்டு எண்ணிக்கை. இதை எனக்குச் சொன்னது மாஸ்டர் இல்லை, கால் டாக்சி ஓட்டும் என் சித்தப்பா.

இன்னொன்று, நான் அந்த நொறுங்கிய காரையே வெறித்துக்கொண்டிருந்தேன், வண்டியும் நேராக அதை நோக்கியே போனது. கண் எங்கே போகிறதோ கையும் அங்கேதான் போகும் போலிருக்கிறது. போக வேண்டிய காலி இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியையும் பார்க்கவில்லை. பின்னால் ஒரு ஆம்னி பஸ் வந்திருக்கிறது, அந்த டிரைவர் கெட்டிக்காரர், என் இடது பக்கமாக ஹாரனோடு உரசாமல் ஒதுங்கிப் போனார். வண்டி நின்ற பிறகும் ஹசார்ட் லைட் போடத் தோன்றவில்லை. அந்த நாலு லைட்டை நம் ஊரில் சிக்னலில் நேராகப் போவதற்குப் போடுகிறார்கள், நீங்களும்தான் அப்படிச் சொல்லித் தந்தீர்கள், அதனால் ஆபத்துக்குப் போட வேண்டியது அது என்று என் மண்டைக்கு உறைக்கவே இல்லை.

அடுத்து நான் செய்ததுதான் மகா முட்டாள்தனம். வண்டியை ரோட்டு நடுவிலேயே விட்டுவிட்டு, வலது பக்கக் கதவை அகலமாகத் திறந்துகொண்டு, அடிபட்டவரைப் பார்க்க ஓடினேன். நின்றுவிட்ட லாரியின் கிளீனர் பையன் கத்தினான்: "யக்கா, மொதல்ல வண்டிய ஓரங்கட்டு! நீயும் சாவப் போறியா?" அவனுக்கு இருபது வயசுகூட இருக்காது. நான் ஓரங்கட்டுவதற்குள் அவன் அரளிக் கிளைகளை ஒடித்து, வரும் வண்டிகளைப் பார்த்தபடியே பின்னால் வெகுதூரம் நடந்து போய் ரோட்டில் போட்டுவிட்டு, துண்டை வீசிக்கொண்டு நின்றான். இதே எச்சரிக்கைக்காக ரோட்டில் வைக்க வேண்டிய சிவப்பு முக்கோணம் என் டிக்கியில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் ஏழு வருஷமாக ஸ்டெப்னி பக்கத்தில் தூங்குகிறது.

காரில் இருந்தவருக்கு நெற்றியில் ரத்தம், நினைவு இருந்தது. ஏர்பேக் வெடித்து உள்ளே வெள்ளையாகப் பரவியிருந்தது, அது ஏர்பேக் பவுடர், ஆனால் கூடியவர்கள் "புகை, புகை, தீப்பிடிக்கப் போகுது" என்று அவரைக் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். ஒருவர் சோடா கொண்டுவந்தார். லாரி டிரைவர் எல்லோரையும் தடுத்து, சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தி, "கழுத்த ஆட்டாதீங்க சார், அப்படியே இருங்க, ஆம்புலன்ஸ் வருது" என்றார். பெட்ரோல் வாசனையோ நெருப்போ இல்லாதவரை அவர் சொன்னதுதான் சரி. வாய்க்குத் தண்ணீர்கூடத் தரக் கூடாதாம்.

108-க்குப் போன் போட்டது நான். எங்கே என்று கேட்டார்கள். "பைபாஸ்ல" என்றேன். எந்தப் பக்கம் போகிற ரோடு, எந்தக் கிலோமீட்டர் கல் பக்கத்தில் என்று அடுத்த கேள்வி. எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் ஆம்புலன்ஸ் எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும், நினைத்துப் பாருங்கள். ஓட்டும்போது போர்டைப் பார்க்கும் பழக்கமே நமக்கு இல்லை, எல்லாவற்றையும் மேப் பார்த்துக்கொள்கிறது.

நின்று உதவ நாலு பேர், நிற்காமல் வேகத்தைக் குறைத்து ஜன்னல் வழியாக வீடியோ எடுத்தவர்கள் நாற்பது பேர். அதில் ஒருவர் முன்னால் போன பைக்கை இடிக்கப் பார்த்தார். நிற்காதவர்களில் சிலருக்கு போலீஸ், கோர்ட் என்று பயம் இருந்திருக்கும். 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே சேர்த்தாயிற்று: நல்ல மனசோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. செலவை யார் கட்டுவது என்ற பயத்துக்கும் இங்கே 2021 டிசம்பரில் இருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவரிடம் காசு கேட்க மாட்டார்கள். எல்எல்ஆர் பரீட்சைக்கு போர்டு படம் மனப்பாடம் செய்ய வைக்கும்போதே இந்த இரண்டையும் சொல்லிவிடலாமே, மாஸ்டர்.

ஆம்புலன்ஸ் போன பிறகு உடனே வண்டியை எடுத்தேன், அதுவும் தப்பு. கை நடுங்குகிறது, மூன்றாவது கியர் விழவில்லை. போரூரில் இறங்கி ஒரு டீக்கடை ஓரமாக அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாதம் என் அக்கா மகள் உங்களில் ஒருவரிடம் சேர வருகிறாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் வாரத்திலேயே, "மாஸ்டர், உங்க காலை எடுங்க, நான் ஒரு தடவை முழுசா மிதிச்சுப் பார்க்கிறேன்" என்று கேட்பாள். பெல்ட் போட்டுக்கொண்டு, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, அவளை மிதிக்க விடுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் ஹெச் போடக் கற்ற ஒரு மாணவி