நான்கு பெல்ட்டும் ஒரே இடுப்புக்கு

ஜூலை 8, 2025

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில், மைக் டைசனோடு ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டையின் கதை முடிந்துவிட்டது என்கிற மாதிரி உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நானும் டைசன் காலத்து ஆள்தான். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் அடி வாங்கி, கீழே விழுந்த பல்காப்பைத் தடவி எடுத்து வாயில் கோணலாகச் செருகிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாரே, அந்தக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் கட்டுரையாளரின் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. அதுவும் ஜூலை 19 அன்று லண்டன் வெம்ப்லியில், மூன்று சாம்பியன் பெல்ட்டுகளை வைத்திருக்கும் உசிக்கும் நான்காவதை வைத்திருக்கும் டுபுவாவும் மோத இன்னும் சில நாள்களே இருக்கும்போது!

2024 மே 18, ரியாத். ஒரு பக்கம் 206 சென்டிமீட்டர் உயரமுள்ள டைசன் ஃப்யூரி. எதிரே 191 சென்டிமீட்டர் ஒலெக்சாண்டர் உசிக், எடையிலும் ஏறத்தாழ 17 கிலோ குறைவு. நடுச் சுற்றுகளில் ஃப்யூரி அப்பர்கட்டாக (கீழிருந்து மேலே வீசும் குத்து) போட்டு வெளுத்தபோது, சரி, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒன்பதாவது சுற்றில் உசிக்கின் இடது கை ஒன்று சரியாக இறங்கியது. ஃப்யூரியின் கால் தரையில் பாவவில்லை. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கயிற்றைப் பிடித்தபடியே தள்ளாடினார். நடுவர் குறுக்கே புகுந்து, விழுந்தவருக்கு எண்ணுவது போல எண்ணினார். மணி அடித்தது.

மூன்று நீதிபதிகளில் ஒருவர் 115-112, இன்னொருவர் 114-113 என்று உசிக்குக்குக் கொடுத்தார்கள். மூன்றாமவர் 114-113 என்று ஃப்யூரிக்குக் கொடுத்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றை வென்றவருக்கு வழக்கமாக 10-9; நடுவர் எண்ணிவிட்டால் 10-8. அந்த எண்ணிக்கை மட்டும் நடக்காமல், சுற்று 10-9 என்று போயிருந்தால், இரண்டாமவரின் அட்டை 114-114 ஆகியிருக்கும். சண்டை டிராவில் முடிந்திருக்கும். 1999இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு யாருக்கும் வாய்க்காத, மறுப்பில்லாத ஒரே சாம்பியன் என்ற பட்டம் அந்தச் சில விநாடிகளில் கைமாறியது. இதைப் பார்த்தவர் யாரும் ஹெவிவெயிட் செத்துவிட்டது என்று எழுத மாட்டார்.

நோய் வீரர்களிடம் இல்லை, பெல்ட்டுகளில் இருக்கிறது. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று, தனித்தனியாக உலகப் பட்டமும் பெல்ட்டும் கொடுக்கும் நான்கு அமைப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு முதல் நிலைப் போட்டியாளரை வைத்திருக்கும்; கெடுவுக்குள் அவரோடு மோதாவிட்டால் பெல்ட் போய்விடும். நான்கையும் சேர்த்து வைத்திருப்பவனுக்கு நான்கு வீட்டு மருமகள் கதிதான். உசிக்குக்கும் அதுதான் நடந்தது. ஃப்யூரியோடு மறுமோதலுக்கு ஒப்பந்தம் இருந்தது, ஐபிஎஃப் தன் ஆளோடு மோதச் சொன்னது, ரத்தம் சிந்தி வாங்கிய ஐபிஎஃப் பெல்ட்டை ஒன்றரை மாதம்கூட ஆகுமுன் அவரே விட்டுக்கொடுத்தார். ஐபிஎஃப்பின் இடைக்காலப் பட்டத்தோடு காத்திருந்த டேனியல் டுபுவா, ரிங்கில் ஏறாமலே அதன் நிரந்தர சாம்பியன் ஆனார்.

அதனால் டுபுவாவைக் காகிதச் சாம்பியன் என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். அந்த செப்டம்பரில் அதே வெம்ப்லியில் ஆன்டனி ஜோஷுவாவை அவர் முதல் சுற்றிலேயே தரையில் உட்கார வைத்தபோது வாயை மூடிக்கொண்டேன். ஐந்தாவது சுற்றில் ஜோஷுவா ஒரு வலது கையால் அவரை ஆட்டிவிட்டு, முடித்துவிடலாம் என்று உள்ளே பாய்ந்தார். டுபுவா பின்வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஒரு வலது கை. ஜோஷுவா முகம் குப்புறக் கிடந்தார். 2020இல் ஜோ ஜாய்ஸிடம் கண்குழி எலும்பு உடைந்து ஒரு முழங்காலை ஊன்றியதற்காக, பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கிய அதே ஆள்!

இந்த மோதலுக்கு ஒரு பழைய பாக்கியும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில், போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில், ஐந்தாவது சுற்றில் டுபுவாவின் அடி உசிக்கின் இடுப்புப் பட்டையில் விழுந்தது. உசிக் சுருண்டார். இடுப்புக்குக் கீழே விழுந்த, விதிக்குப் புறம்பான அடி என்று சொல்லி நடுவர் அவருக்கு ஓய்வு கொடுத்தார். டுபுவா தரப்பு அது நியாயமான அடி என்று இன்றுவரை சொல்கிறது. நான் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். உசிக் உடையைத் தூக்கிக் கட்டியிருந்தார் என்பது உண்மை, அடி பட்டைக்குக் கீழேயும் பாதி இறங்கியிருந்தது என்பதும் உண்மை. ஒன்பதாவது சுற்றில் ஒரு ஜாபுக்கே (முன்கையால் நேராக விடும் லேசான குத்து) டுபுவா விழுந்து, எழுந்திருப்பதற்குள் பத்து எண்ணி முடித்துவிட்டார்கள். அதைப் பற்றி மட்டும் அந்தத் தரப்பு அதிகம் பேசுவதில்லை.

பெரிய மோதல்கள் தள்ளித் தள்ளிப் போய்க் கெடுவதுதான் ஹெவிவெயிட்டின் சாபம். லூயிஸும் டைசனும் 2002இல்தான் மோதினார்கள், இருவருக்கும் 36ஐ ஒட்டிய வயதில். ஃப்யூரி-ஜோஷுவா மோதல் 2021இல் கைக்கு எட்டியது. அமெரிக்க வீரர் டியோன்டே வைல்டரோடு ஃப்யூரி மூன்றாவது முறை மோதியே ஆக வேண்டும் என்று மத்தியஸ்தர் தீர்ப்புச் சொன்னதும் கலைந்தது. இப்போது ஃப்யூரி ஓய்வு அறிவித்துவிட்டார், ஜோஷுவா வெம்ப்லியில் விழுந்ததிலிருந்து ரிங் பக்கமே வரவில்லை. நாளை அது நடந்தாலும் ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான். இந்தச் சண்டையோ சூடாக வருகிறது. உசிக்குக்கு 38, டுபுவாவுக்கு 27. உசிக் தொழில்முறையில் 23 சண்டைகளில் தோற்றதே இல்லை. டுபுவா ஜெயித்த 22இல் 21 நாக் அவுட்.

என் கணிப்பைக் கேட்டால், உசிக்தான். கையைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். இடதுகை வீரரான அவர் தன் வலது பாதத்தை எதிராளியின் இடது பாதத்துக்கு வெளியே வைத்துக்கொண்டே இருப்பார். டுபுவாவின் வலது கை அங்கே எட்டுவதற்குள் இடம் மாறிவிடுவார். ஆனால் 38 வயதுக் கால் எத்தனை சுற்றுக்குத் தாங்கும்? முதல் நான்கு சுற்றுகளில் டுபுவா அவரைக் கயிற்றோரம் தள்ளி நிறுத்திவிட்டால் என் கணிப்பு குப்பைக்குத்தான். நிறுத்தட்டுமே, அப்போதும் எனக்குக் கொண்டாட்டம்தான்.

யார் ஜெயித்தாலும் மறுநாளே பெல்ட்டுக்குக் கை நீட்ட ஆள்கள் தயார். இரண்டு நாள் அவகாசத்தில் வந்த மாற்று ஆளோடு மோதி ஜெயித்துவிட்டு ஜோசஃப் பார்க்கர் காத்திருக்கிறார். கபாயெல் என்ற வீரர் இன்னொரு வரிசையில் நிற்கிறார். நான்கும் ஒரே இடுப்பில் எத்தனை நாள் இருக்குமோ!

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கம்போல "இன்னார் வெற்றி" என்று மூன்று வரியில் முடித்துவிடாதீர்கள். சண்டை கடைசிவரை போனால் நீதிபதிகள் மூவரின் அட்டையையும் சுற்று வாரியாகப் போடுங்கள். நானும் வீட்டில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளப் போகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்