நெசவுப் பயிற்சியில் விடுபட்ட பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆரையம்பதியைச் சேர்ந்தவள். வீட்டு விறாந்தையில் சிறிய மேசைத்தறி ஒன்றை வைத்து 4 வருடங்களாகப் பருத்திச் சால்வைகள் நெய்து வருகிறேன். நான் பயின்ற வகுப்பில் பாவு எனப்படும் நீளவாக்கு இழைகளை ஓடவும், சீப்புப் போன்ற அச்சில் அவற்றைக் கோக்கவும், குறுக்கே செல்லும் ஊடை நூலை ஒரே சீராக அடித்து இறுக்கவும் மிகுந்த பொறுமையுடன் கற்றுத் தந்தார்கள். ஆனால் துணியைத் தறியிலிருந்து வெட்டி இறக்கியதோடு பாடம் முடிந்துவிட்டது.

முதன்முதலாக ஒரு கடைக்குக் கொடுத்த 6 சால்வைகளில் 2 திரும்பி வந்தன. ஒன்றில் ஓர இழைகள் பிரிந்திருந்தன. மற்றையது 72 அங்குல நீளத்தில் நான் கொடுத்தது. வாங்கியவர் ஒருமுறை துவைத்ததும் 66 அங்குலமாகச் சுருங்கிவிட்டதாம். தறியில் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்ட பாவு, வெட்டியவுடன் தளர்கிறது. தண்ணீர் பட்டதும் பருத்தி நூல் மேலும் சுருங்குகிறது. ஆகவே விற்பதற்கு முன்பே துணியை நனைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் சற்று இருக்கும்போதே அழுத்தித் தேய்க்க வேண்டும் என்பதையும், அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் பாவின் நீளத்தையே தீர்மானிக்க வேண்டும் என்பதையும் நட்டப்பட்ட பிறகே அறிந்துகொண்டேன்.

மீதியைக் கற்றுத் தந்தவர் எங்கள் அயலில் வசிக்கும் முதிய நெசவாளி ஒருவர். அவர் என் சால்வையை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவி, நான் காணாத 3 பிழைகளைக் காட்டினார். அறுந்த பாவிழை இருந்த இடத்தில், அந்த இழை சென்ற வழியிலேயே ஊசியால் புதிய நூலை ஓட்டி, இரு பக்கமும் ஓர் அங்குலம் பழைய இழையோடு சேர்ந்து போகும்படி விட்டார். வெளியே நீண்டிருந்த நுனியை நான் கத்தரிக்கப் போனபோது, "பொறு மகள், கழுவிக் காய்ந்த பிறகு வெட்டு" என்று தடுத்தார். கழுவும்போதுதான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதற்கு முன் வெட்டினால் நுனி உள்ளே நழுவி அவ்விடம் ஓட்டையாகிவிடும். சால்வை ஓரத்துக் குஞ்சத்துக்கும் ஒரு முறை உண்டு. அருகருகே உள்ள இரண்டு இழைக் கற்றைகளைத் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்கி, பின்னர் இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாக முறுக்கினால், ஒன்று மற்றதைப் பிரியவிடாது. நுனியில் ஒரு முடிச்சு மட்டும் போட்டால் போதும்.

இவற்றைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாட்களுக்கு மேல் தேவைப்படாது. இந்த இரண்டு நாட்கள் இல்லாமையால், மாதக்கணக்கில் உழைத்து நெய்யும் பெண்கள் தங்கள் துணிக்குரிய விலையைப் பெற முடியாமல் போவது மிகவும் வேதனையளிக்கிறது. எனவே பயிற்சிகளை நடத்தும் அதிகாரிகள் இதனையும் பாடத்திட்டத்தில் சேர்த்து, ஆரையம்பதியிலும் நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனையிலும் தறியின் மிதிகளை மிதிக்க இயலாத வயதிலும் ஊசி பிடிக்கக்கூடிய மூத்த நெசவாளர்களை உரிய கொடுப்பனவுடன் பயிற்றுநர்களாக அழைக்க வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
ஆரையம்பதி.