எண்ணியது யார் என்று கேள்

அன்புள்ள அம்மாடிக்கு,

நேற்று நியூஸ் டெஸ்க் ராத்திரி ஷிஃப்ட் அவசரத்தில் பாதிப் பேச்சிலேயே போனை வைத்துவிட்டாய். ஸ்கைடைவிங், அதாவது பாராசூட் மாட்டிக் குதிப்பவர்களை ஏற்றும் விமானம் விழுந்ததாகச் செய்தி வந்தால், இத்தனை பேர் இறந்தார்கள் என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே, எதைச் செய்தியில் போடுவது அப்பா என்று கேட்டாய். இதைப் போனில் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த எண் வந்தாலும் நீ முதலில் கேட்க வேண்டியது, இதை எண்ணியது யார், எதை வைத்து எண்ணினார் என்பதுதான். பயணிகள் விமானம் என்றால் டிக்கெட் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இருக்கிறது. எண்ணிக்கை சீக்கிரம் நிலைத்துவிடும். பாராசூட் குதிப்பவர்களை ஏற்றும் விமானம் அப்படி இல்லை. சின்ன ஓடுதளத்திலிருந்து ஒரே நாளில் பல முறை மேலே போய் வரும். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்க வந்த வாடிக்கையாளர், படம் பிடிப்பவர், தனியாகக் குதிக்கும் அனுபவசாலி என்று கலந்து ஏறுவார்கள். இடம் காலியாக இருந்தால் கடைசி நிமிடத்தில் ஒருவர் ஏறிக்கொள்வதும் நடக்கும்.

2019 ஜூன் 21 மாலை, ஹவாயின் ஓவாஹு தீவில் டில்லிங்ஹாம் ஓடுதளத்திலிருந்து கிளம்பிய கிங் ஏர் விமானம் தரையை விட்டு எழும்பிய உடனேயே விழுந்து எரிந்தது. அன்று இரவு அதிகாரிகள் சொன்ன எண் ஒன்பது. உலகம் முழுக்க ஒன்பது என்றே போனது. மறுநாள் அது பதினொன்று ஆனது. ஸ்கைடைவிங் நிறுவனத்தின் ஊழியர்கள் ஆறு பேர், வாடிக்கையாளர்கள் மூன்று பேர், இது முதல் கணக்கு. கடைசி நேரத்தில் ஏறிக்கொண்ட தனிக் குதிப்பாளர்கள் இரண்டு பேர் அதில் வரவில்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை பார். தீயணைப்புத் துறையும் போக்குவரத்துத் துறையும் கையில் இருந்ததைச் சொன்னார்கள். ஆனால் "ஒன்பது பேர் பலி" என்று அடித்த டெஸ்க்கும், "விமானத்தில் ஒன்பது பேர் இருந்ததாக அதிகாரிகள் முதலில் தெரிவித்துள்ளனர்" என்று போட்ட டெஸ்க்கும் மறுநாள் காலையில் ஒரே நிலைமையில் இருந்திருக்காது. தலைப்பில் இடம் இல்லை என்பாய். இடம் இருக்கிறது, 'முதல் தகவல்' என்ற இரண்டு சொல் போதும்.

'அனைவரும் பலி' என்ற தொடரை மட்டும் கை தானாக அடித்துவிடப் பார்க்கும். அதை இன்னும் தாமதமாக அடி. இந்த விமானத்தில் இருப்பவர்கள் முதுகில் பாராசூட் மாட்டியிருப்பவர்கள். 2014 ஏப்ரலில் பின்லாந்தின் யாமியார்வியில் விழுந்த விமானத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். மூன்று பேர் வெளியே குதித்துப் பிழைத்தார்கள். அதற்கு முந்தின வருடம், 2013 நவம்பரில், அமெரிக்காவின் விஸ்கான்சினில் சுப்பீரியர் ஊருக்கு மேலே இரண்டு செஸ்னா விமானங்கள் நடுவானில் மோதி, ஒன்று தீப்பிடித்துத் துண்டானது. இரண்டிலுமாக இருந்த பதினொரு பேரும் உயிரோடு தரைக்கு வந்தார்கள்! ஹெல்மெட் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நீயும் எங்கேயாவது பார்த்திருப்பாய். இறக்கை எரிவதும் ஆட்கள் சிதறிக் குதிப்பதும் அவ்வளவு தெளிவாக இருக்கும். ஒருவர்கூடச் சாகாத விபத்தின் படம் அது. வேறொரு விபத்தின் பெயரில் உன் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தால் உடனே அடையாளம் தெரிய வேண்டும்.

படத்தைச் சரிபார்க்க நான் நம்புவது ஒன்றே ஒன்றைத்தான், விமானத்தின் பதிவு எண். அமெரிக்க விமானம் என்றால் 'என்' என்று தொடங்கும், சுவீடன் விமானம் 'எஸ்இ'. உடலிலோ வாலிலோ எழுதியிருக்கும். சுவீடன் என்றதும் நினைவு வருகிறது, அங்கே குழம்புவது மிகச் சுலபம். 2019 ஜூலை 14 அன்று ஊமியோவில் ஒரு ஸ்கைடைவிங் விமானம் விழுந்தது. 2021 ஜூலை 8 அன்று ஓரேப்ரோவில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் குதிக்க வந்தவர்கள் எட்டு பேர், விமானி ஒருவர், ஆக ஒன்பது சாவு. ஒரே நாடு, ஒரே மாதம், ஒரே எண். வருடத்தைப் பார்க்காமல் தேடினால் ஒன்றின் படம் மற்றொன்றின் செய்தியில் உட்கார்ந்துவிடும். ஆனால் முதலாவது ஏர்வேன், இரண்டாவது பீவர். ரகம் வேறு, மூக்கைப் பார்த்தாலே தெரியும்.

பதிவு எண்ணால் இன்னொரு லாபமும் உண்டு. டில்லிங்ஹாமில் விழுந்த அதே விமானம் 2016ல் கலிபோர்னியாவின் பைரனில் வானத்திலேயே கட்டுப்பாடு இழந்து சுழன்றது. உள்ளே இருந்தவர்கள் குதித்துத் தப்பினார்கள், வால்பகுதி கொஞ்சம் பிய்ந்துபோன நிலையில் விமானி அதைத் தரையிறக்கினார். இந்தப் பழைய கதை வெளியே வர, அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் போதும்.

சரி, காரணம். விழுந்த அன்றே காரணம் சொல்பவர் யாராக இருந்தாலும், ஓய்வுபெற்ற விமானியே ஆனாலும், அவர் பெயரோடு அவருடைய ஊகம் என்று போடு, இல்லையென்றால் விடு. அமெரிக்காவில் விமான விபத்துகளை விசாரிக்கும் அமைப்பான என்டிஎஸ்பி சில வாரங்களில் முதற்கட்ட அறிக்கை தரும். அதில் நடந்தது இருக்கும், காரணம் இருக்காது. டில்லிங்ஹாமுக்கு அது காரணம் சொல்ல ஒரு வருடத்துக்கும் மேலானது. புறப்பட்ட வேகத்தில் விமானி முரட்டுத்தனமாகத் திருப்பியதில் இறக்கை தூக்குவிசையை இழந்துவிட்டது, முன்பே முறுக்கிப்போயிருந்த இடது இறக்கையும் அதற்குத் துணைபோனது என்றது. ஊமியோ விபத்துக்குப் பிறகு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஏர்வேன் ரகத்தையே பறக்கக் கூடாது என்று நிறுத்தியது. சில நாட்களில் தடையை விலக்கிக்கொண்டது. தடை வந்த அன்று 'விமானத்தில் கோளாறு' என்று முடிவு கட்டி எழுதியிருந்தால், விலக்கிய அன்று என்ன எழுதுவது? முன்னெச்சரிக்கையாக நிறுத்தினார்கள் என்பது செய்தி. கோளாறு என்பது அப்போதைக்கு நம் கற்பனை.

பெயர்களில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ஸ்கைடைவிங் செய்பவர்கள் எல்லோரும் படம் போட்டுக்கொண்டே இருப்பவர்கள். விபத்து நடந்த அரை மணியில் யாராவது ஒரு பக்கத்தைத் தோண்டி, 'இவர்தான் இறந்தவர்' என்று அனுப்புவார்கள். அதே கிளப்பில் அன்று விமானத்தில் ஏறாமல் கீழே நின்றவராகவும் அவர் இருக்கலாம். அவருடைய அம்மா உன் ஸ்க்ரோலைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். குடும்பத்துக்குச் சொல்லி, அதிகாரிகள் பெயரை வெளியிடும்வரை போடாதே. எடிட்டர் கத்தினால் கத்தட்டும், அப்பா சொன்னார் என்று சொல். (சொல்லாதே, சிரிப்பார்கள்.)

இன்னொன்று. எண் மாறினால் பழையதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புதியதை ஏற்றாதே. முதலில் இவ்வளவு என்றார்கள், இந்த நேரத்தில் இன்னார் இப்படித் திருத்தினார்கள் என்று ஒரு வரி எழுது. அந்த வரியை யாரும் பாராட்டப்போவதில்லை, இருந்தாலும் எழுது.

ஷிஃப்ட் முடிந்ததும் கூப்பிடு. அம்மாவுக்கு இந்த விமானக் கதையெல்லாம் வேண்டாமாம், நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா