செயலரின் ஆண்டறிக்கை: பழைய வால்வு ஆம்ப்களும் நமது சோதனை மேசையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பழைய கிதார் ஆம்ப்களைப் பழுது நீக்கிப் புதுப்பிக்கும் நமது சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகள் பற்றிய அறிக்கையைச் சங்க விதிகளின்படி உங்கள் முன் வைக்கிறேன்.

ஆண்டில் பன்னிரண்டு மாதக் கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், பதினொன்று நடந்தன. செயற்குழு நான்கு முறை கூடியது. புதியவர்களுக்கான சால்டரிங் பயிற்சி இரண்டு முறை நடத்தப்பட்டது. பழைய சர்க்யூட் படங்களின் கட்டு ஒன்று நூலக அலமாரிக்கு நன்கொடையாக வந்தது.

விரிவாகச் சொல்ல வேண்டியது சோதனை மேசையைப் பற்றி. ஆண்டின் இரண்டாவது கூட்டத்தில் நடந்ததை அன்று வந்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உறுப்பினர் ஒருவர் தமது ஆம்ப்பில், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபயர் வால்வை மட்டும் விட்டுவிட்டு மற்ற வால்வுகளையெல்லாம் கழற்றி வைத்து, டிரான்ஸ்பார்மர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஓட்டினார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு ரெசிஸ்டரைத் திருப்பிப் பார்க்க விரலை உள்ளே விட்டார். அவர் கை உதறிய வேகத்தில் உள் பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸிஸின் ஓரத்தில் மோதி முழங்கை கிழிந்தது. அதோடு போயிற்று என்பதே நமது பாக்கியம். "பிளக்கைப் பிடுங்கிவிட்டேனே, பிறகு எப்படி?" என்று அவர் கேட்ட கேள்வியை அன்று அறையில் இருந்த பாதிப் பேர் தங்கள் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர்கள் முகங்களில் கண்டேன். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த ஆண்டு முழுவதும் நான் செய்த வேலை.

வால்வுகள் சூடாக இருந்து ஓடும்போது நிறுத்தினால், மின்னூட்டத்தைச் சேமித்து வைத்து மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர்களில் தேங்கிய மின்னூட்டத்தின் பெரும்பகுதியை அவையே இழுத்துக் கரைத்துவிடும். வால்வுகளைக் கழற்றிவிட்டால் அதை இழுக்க ஆளில்லை. வடிகால் ரெசிஸ்டர் வைக்கப்படாத பழைய ஆம்ப்களில் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். 16 மைக்ரோஃபாரட் கண்டன்சர்கள் ஐந்து சேர்ந்தால் 80 மைக்ரோஃபாரட். 420 வோல்ட்டில் அவை பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 7 ஜூல். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மார்பின் வழியாக அது பாய்ந்தால் என்ன நேரும் என்பதை நான் இங்கே விவரிக்கத் தேவையில்லை.

ஆகவே மூன்றாவது கூட்டத்திலிருந்து, சேஸிஸ் வெளியே எடுக்கப்படும் எந்த ஆம்ப்பும் சோதனை மேசையில்தான் திறக்கப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செயற்குழுவின் ஒப்புதலோடு கொண்டுவந்தேன். மேசையில் இருப்பவை மிகக் குறைவு. மின் இணைப்போடு தொடராக நிற்கும் குண்டு பல்பு ஒன்று, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை நடுவே வைத்து இரு முனைகளிலும் கிளிப் பொருத்தி நன்றாகக் காப்பிட்ட வடிகால் ஒயர் ஒன்று, 1000 வோல்ட் வரை தாங்கும் மீட்டர் ஒன்று, ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்ட 8 ஓம் சுமை ரெசிஸ்டர் ஒன்று. ஸ்க்ரூடிரைவரால் கண்டன்சரை ஷார்ட் செய்து "சட்" என்று பொறி பறக்க விடும் பழக்கம் நம்மில் மூத்தவர்கள் சிலருக்கு உண்டு; அது கண்டன்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். வடிகால் ஒயரை மாட்டினால் நாலைந்து நொடியில் அழுத்தத்தின் பெரும்பகுதி வடிந்துவிடும். மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே காட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகும் கிளிப்பைக் கழற்றாமல் வேலை முடியும்வரை அங்கேயே விட்டுவைக்க வேண்டும், ஏனெனில் வடித்த கண்டன்சர் தானாகவே கொஞ்சம் அழுத்தத்தை மீண்டும் எழுப்பிக்கொள்ளும். மின்சாரம் ஓடும் நிலையில் அளக்க வேண்டியிருந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மோதிரமும் கைக்கடிகாரமும் மேசைக்கு வெளியே இருக்க வேண்டும். அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

இந்த விதிகளால் வேலை தாமதப்படுகிறது என்றும், சங்கத்தைச் செயலர் பள்ளிக்கூடமாக்கிவிட்டார் என்றும் சிலர் வருத்தப்பட்டதாக அறிகிறேன். அவர்களில் ஒருவரும் அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லவில்லை. கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வடிப்பதற்கும் அளப்பதற்கும் ஆகும் நேரம் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்டது. அந்த ஐந்து நிமிடத்தைக் குறைக்கச் சொல்லி எந்தத் தீர்மானம் வந்தாலும் நான் அதை எதிர்த்தே பேசுவேன் என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

மேசையின் பயனை உறுப்பினர்கள் நேரில் காண வேண்டும் என்பதற்காக, சங்கத்துக்கு அன்பளிப்பாக வந்து மூலையில் கிடந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்பைப் புதுப்பிக்கும் பணியை ஏற்றேன். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பொட்டின் முதுகில் 1376612 என்று பதிந்திருந்தது. 137 என்பது பொட்டைச் செய்த சிடிஎஸ் நிறுவனத்தின் எண். 66 என்பது 1966. 12 என்பது வாரம். பொட் அந்த வாரத்தில் செய்யப்பட்டது என்றால் ஆம்ப் அதற்குப் பிறகே கட்டப்பட்டிருக்க முடியும். ஏபி763 சர்க்யூட், ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு 6வி6ஜிடி வால்வுகள், ஜிஇசட்34 ரெக்டிஃபயர், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சுமார் 22 வாட்.

முதலில் கழற்றியது மின் ஒயர். அந்தக் காலத்தில் பல தயாரிப்பாளர்களின் வழக்கப்படி இரண்டு கம்பி ஒயரும், மின் இணைப்பின் ஒரு பக்கத்தைச் சேஸிஸோடு சேர்க்கும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் அதில் இருந்தன. கிதார் கம்பிகள் சேஸிஸோடு இணைந்தவை என்பதை நினைவில் கொண்டால், அந்தக் கண்டன்சருக்கு வாசிப்பவர்கள் ஏன் எமனின் பெயரைச் சூட்டினார்கள் என்பது விளங்கும். அது நல்ல நிலையில் இருந்தாலே 120 வோல்ட்டில் 2 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிய விடும்; அது ஷார்ட் ஆகிவிட்டால், கம்பியில் விரலும் மைக்கில் உதடும் வைத்திருப்பவருக்கும் முழு மின் இணைப்புக்கும் நடுவே எதுவுமில்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தைச் சேஸிஸில் தனி போல்ட்டில் இறுக்கினேன். "அசல் தன்மை போய்விட்டதே" என்று ஓர் உறுப்பினர் வருந்தினார். வெட்டிய கண்டன்சரை உறையிலிட்டுத் தேதி எழுதி ஆம்ப்பின் அடியிலேயே வைத்திருக்கிறேன். அசல் பாகம் தொலையவில்லை, அதன் ஆபத்து மட்டும் நீங்கியிருக்கிறது.

குண்டு பல்போடு முதல்முறை ஓட்டியபோது பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கி இளஞ்சிவப்பாக நிற்க வேண்டும், இதில் மங்கவேயில்லை. எங்கோ ஷார்ட் என்று பொருள். கூட்டத்துக்கு வந்திருந்த புதியவர்கள் இருவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும், பல்பு இல்லாமலிருந்தால் அந்த வெப்பமெல்லாம் டிரான்ஸ்பார்மருக்குள் இறங்கியிருக்கும் என்பது ஒரு சொல்லும் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்ததும் எனக்கு நிறைவளித்தன. குற்றவாளி ஃபில்டர் கண்டன்சர்களில் ஒன்று. அதன் ஒரு முனையின் மூடி பிதுங்கி, வெள்ளைப் பொரிபோல் உப்பு கசிந்து காய்ந்திருந்தது. ஐந்தையும் மாற்றினேன். முன்பு யாரோ பழுது பார்த்தபோது பயாஸ் கண்டன்சரைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். வால்வின் ஓட்டத்தை அடக்கி வைக்கும் பயாஸ் ஓர் எதிர்மின்னழுத்தம் என்பதால் அதன் நேர்முனைதான் சேஸிஸுக்குப் போக வேண்டும் என்பது பழகிய கைகளுக்கும் தவறிவிடுகிறது.

பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. அறை விளக்கை அணைத்துப் பார்த்தபோது வலப்பக்க 6வி6 வால்வின் உள்ளே இருக்கும் உலோகத் தகடான பிளேட்டில் விரல் நகம் அளவுக்குச் செம்மை படர்ந்து, மெல்ல விரிந்தது. உடனே நிறுத்தி, வடித்து, அந்த வால்வின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச் சுருளான கிரிட்டுக்கு முந்தைய கட்டத்தின் ஒலியை மட்டும் கடத்தும் 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கண்டன்சரின் ஒரு காலைக் கழற்றி, வால்வை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டி அளந்தேன். ஏறத்தாழ ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் மீட்டர் 100 வோல்ட்டைத் தாண்டியது. கண்டன்சர் நேர்மின்னழுத்தத்தைக் கசிய விட்டு, கிரிட்டை அடக்கி வைத்திருக்கும் பயாஸைக் கரைத்துக்கொண்டிருந்தது. வால்வைக் குறை சொல்லி இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டிருந்தால் அந்த ஜோடியும் அதே வழியில் போயிருக்கும். இரு பக்கக் கண்டன்சர்களையும் மாற்றி, வால்வில் எலக்ட்ரான்கள் புறப்படும் கேத்தோடுக்கும் சேஸிஸுக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்து பயாஸைத் திருத்தினேன். அந்த ரெசிஸ்டரில் காணும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். 6வி6ஜிடி வால்வின் 12 வாட் எல்லையில் நூற்றுக்கு 70 பங்கு 8.4 வாட், பிளேட்டில் 415 வோல்ட் இருந்ததால் 20 மில்லி ஆம்பியரில் நிறுத்தினேன். ஏழு கூட்டங்கள் எடுத்த இந்த வேலையின் முடிவில் அந்த ஆம்ப் முதல் ஸ்வரத்தைக் கொடுத்தபோது அறையில் ஆறு பேர் இருந்தோம். அது என்னை வருத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வால்வு மாற்றிப் பார்க்கும் ஆர்வத்தைப் பற்றியும் ஒரு சொல். முதல் கட்டத்தில் 12ஏஎக்ஸ்7 வால்வுக்குப் பதிலாக 12ஏஒய்7 போட்டுப் பார்ப்பது நல்ல பரிசோதனை. பெருக்கம் 100இலிருந்து 44 அளவுக்கு இறங்கும், பிடிக்காவிட்டால் திருப்பி மாட்டலாம். ஆனால் 5ஒய்3 ரெக்டிஃபயர் இருந்த இடத்தில் 5யூ4 போடுவது அப்படியல்ல. அடிக்கால்கள் பொருந்தும், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் 2 ஆம்பியருக்குப் பதிலாக 3 ஆம்பியர் கேட்கும். இப்படிப் போட்ட ஓர் உறுப்பினரின் டிரான்ஸ்பார்மர் தொட முடியாத சூட்டில் இந்த ஆண்டு மேசைக்கு வந்தது. எதையும் துளையிடாதீர்கள், கழற்றியதை எறியாதீர்கள், ஸ்பீக்கரோ சுமையோ மாட்டாமல் எந்த ஆம்ப்பையும் ஓட்டாதீர்கள்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தணிக்கைக்கு அளித்திருக்கிறார். செலவில் பெரும்பகுதி கண்டன்சர்களுக்கும் மேசைக்கும் ஆனது. வரவு செலவுக்குச் சற்றே கீழே நிற்கிறது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. இதற்குக் காரணம் செலவு அல்ல, சந்தா. உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஆண்டுச் சந்தாவை முழுமையாகச் செலுத்தியிருக்கிறார்கள். நிலுவை வைத்திருப்பவர்களுக்கு மூன்று முறை கடிதம் எழுதினேன். சிலர் பதில் எழுதவில்லை. ஆனால் அவர்களது ஆம்ப் ஊமையான மறுநாளே அவர்களது அழைப்பு எனக்கு வந்துவிடுகிறது. பொதுப் பெட்டியிலிருந்து ரெசிஸ்டரும் கண்டன்சரும் எடுத்தவர்கள் ஏட்டில் குறிக்காமல் போவதும் தொடர்கிறது. ஒருவர் எடுத்த 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் சிறு பொருள்தான். ஆண்டு முடிவில் பெட்டி காலியாக இருந்தது என்பது சிறு செய்தி அல்ல.

தலைவர் அவர்களின் வழிகாட்டலுக்கும், பொருளாளரின் பொறுமைக்கும், பயிற்சி நடத்திய நண்பர்களுக்கும், கூட்ட அறையைத் திறந்து மூடி உதவியவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இரண்டாவது கூட்டத்தில் அடிபட்ட உறுப்பினர், அதன் பிறகு ஒரு கூட்டமும் தவறாமல் வந்து, இப்போது புதியவர்களுக்கு வடிகால் ஒயரை மாட்டக் கற்றுக்கொடுக்கிறார். அவருக்குத் தனிப்பட்ட நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சில சொற்கள். இன்று உலகில் புதிய வால்வுகளைப் பெரிய அளவில் செய்யும் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ரஷ்யாவில் சரடோவ், ஸ்லோவாக்கியாவில் சாட்சா, சீனாவில் சில. 2022இல் ரஷ்ய ஏற்றுமதித் தடை பற்றிய செய்தி வந்ததும் வால்வுகள் கிடைப்பது எவ்வளவு அரிதாயிற்று என்பது நமக்கு நினைவிருக்கும். சங்கத்துக்கென 6வி6, 6எல்6, 12ஏஎக்ஸ்7 வால்வுகளில் ஒரு சிறு இருப்பும், எல்இடி வந்த பிறகு அருகிவரும் குண்டு பல்புகளில் ஒரு பெட்டியும் வாங்கி வைக்க வேண்டும் என்று செயற்குழு கருதுகிறது. நிலுவைகள் வந்தால் இரண்டும் முடியும். வராவிட்டால் இரண்டும் முடியாது. மேசைக்கு இன்னும் இருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் மட்டும் நின்று நடத்தும் மேசை, அவர் வராத நாளில் பூட்டியே கிடக்கும். பன்னிரண்டாவது கூட்டம் நடக்காமல் போனதற்குக் காரணம் அன்று எனக்கிருந்த காய்ச்சல்தான் என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள்.

செயலர் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும், மேசை அலமாரியின் திறவுகோலோடு விதிகள் எழுதிய தாளையும் சேர்த்தே ஒப்படைப்பேன். டீலக்ஸ் ரிவெர்ப் இன்று முன்வரிசைக்கு அருகே வைக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் விரும்புவோர் வாசித்துப் பார்க்கலாம். சந்தா ஏடு பொருளாளரிடம் திறந்தே இருக்கும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலர்