ட்ரோஹெடாவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ராமநாதனுக்கு,

உன் கடிதம் வந்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. நாங்கள் இப்போது டப்ளினுக்கு வடக்கே, பாய்ன் ஆற்றங்கரையிலுள்ள ட்ரோஹெடா நகரில் மகளுடன் இருக்கிறோம். அயர்லாந்து மக்களின் வரலாற்று ஆர்வம் உண்மையிலேயே ஆழமானதா என்று கேட்டிருந்தாய். ஆழமானதுதான், ஆனால் சில இடங்களில் அது சான்றைவிடக் கதையையே அதிகம் விரும்புகிறது.

ஆற்றின் தென்கரையில் மில்மவுண்ட் என்றொரு மேடு உண்டு. பழங்கதைக் கவிஞன் அமர்கின் அதனடியில் புதைக்கப்பட்டிருக்கிறான் என்பார்கள்; நார்மன்கள் அங்கே கோட்டை அமைத்தார்கள் என்பது மட்டும் உறுதி. மேட்டின் உச்சியிலுள்ள கோபுரம் 1922 உள்நாட்டுப் போரில் பீரங்கியால் சிதைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. அதன் அருகிலேயே உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தார் ஓர் அருங்காட்சியகத்தை நடத்துகிறார்கள். அங்குள்ள பழைய தொழிற்குழுக் கொடிகளை, நெசவாளருடையதையும் தச்சருடையதையும், நீ பார்த்தால் எளிதில் நகரமாட்டாய்.

இந்த ஊரில் மிகுந்த பாசத்தோடு சொல்லப்படும் கதை வேறு. 1847இல், உருளைக்கிழங்கு நோயால் பஞ்சம் உச்சத்திலிருந்தபோது, உதுமானியச் சுல்தான் அப்துல் மெஜித் தானியம் ஏற்றிய மூன்று கப்பல்களை இரகசியமாக இங்கே அனுப்பினார் என்கிறார்கள். 1995இல் இதற்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். 2010இல் துருக்கிக்குச் சென்ற குடியரசுத் தலைவர் மேரி மக்கலீஸும் இதையே எடுத்துரைத்தார். நகரச் சின்னத்திலும் கால்பந்துக் கழகத்தின் சின்னத்திலும் உள்ள பிறையும் நட்சத்திரமும் அந்த நன்றிக்கடனின் அடையாளம் என்பது பலரின் நம்பிக்கை. ஆனால் அச்சின்னம் பஞ்சத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. கப்பல்கள் வந்ததற்கும் வரலாற்றாளர்கள் எல்லோரும் ஏற்கும் சான்று கிடைக்கவில்லை.

சுல்தான் 1,000 பவுன் நன்கொடை அளித்தது மட்டும் சந்தேகமற்ற உண்மை. அயர்லாந்துப் பிரமுகர்கள் அவருக்கு எழுதிய நன்றிக் கடிதமும் உண்டு. அவர் 10,000 பவுன் தர முன்வந்தார் என்றும், விக்டோரியா அரசியின் 2,000 பவுனை மிஞ்சக் கூடாதென்று அதைக் குறைத்தார்கள் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்ட ஒரு பஞ்சத்தில், மதமும் மொழியும் வேறான ஓர் அரசர் அனுப்பிய அந்த ஆயிரம் பவுனே போற்றுதலுக்குப் போதும் என்பது என் உறுதியான எண்ணம். கப்பல்களைச் சேர்த்துச் சொல்லும்போது, சேர்த்ததைச் சந்தேகிப்பவன் மெய்யான கொடையையும் சந்தேகிக்கத் தொடங்குகிறான். அருங்காட்சியகங்கள் கதையையும் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்று இங்கே பேசக் கிடைக்கும் எல்லோரிடமும் வாதிடுகிறேன்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான சாக்டா மக்கள், தாங்களே நிலமிழந்து துரத்தப்பட்டு வெகுகாலம் ஆகாத நிலையில், அதே 1847இல் பணம் திரட்டி அனுப்பினார்கள். அதற்கு நன்றியாகக் கார்க் மாவட்டத்தின் மிடில்டனில் எஃகு இறகுகளாலான ஒரு சிற்பம் நிற்கிறது. கல்கத்தாவிலும் நிதி திரட்டினார்கள். சென்னையிலிருந்து ஏதேனும் சென்றதா என்பதை அறிய ஆசை. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது, கண்ணுக்குச் சிரமமில்லாமல், அந்த ஆண்டின் பதிவுகளைச் சற்றுப் பார்த்து எழுது.

அன்புடன்,
சுந்தரம்