வாசேப்பூரின் கதை நிலக்கரியின் கதை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் இந்தி தாதா படங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்' படத்துக்கு அதில் கிடைத்தது இரண்டே பத்திகள். காட்ஃபாதர் போல இருக்கிறது, டாரன்டினோ போல இருக்கிறது, ரத்தம் அதிகம், நீளம் அதிகம். அவ்வளவுதான். 2012இல் கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டதிலிருந்து இந்தப் படத்தைப் பற்றிப் பலரும் எழுதுவது இதைத்தான். தமிழ் இதழ் ஒன்றும் அதையே எழுதியதில் எனக்கு வருத்தம்.

படத்தின் தொடக்க எழுத்துகளிலேயே பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் இயக்குநர் அனுராக் காஷ்யப் நன்றி சொல்கிறார். சொந்த மண்ணுக்குத் திரும்பிக் கதை தேடும் துணிச்சலை மதுரைப் படங்கள்தான் தந்தன என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் அவர். 'சுப்ரமணியபுரம்' எப்படி வாசேப்பூர் வரைக்கும் போனது என்று நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

அதைவிட முக்கியமாக விட்டுப்போனது நிலக்கரி. சுதந்திரத்துக்குப் பிறகு, வாசேப்பூர் இருக்கும் தன்பாத்தில் (இன்றைய ஜார்க்கண்ட்) வெள்ளையர்களின் சுரங்கங்கள் உள்ளூர் முதலாளிகள் கைக்கு வருகின்றன. தொழிலாளர்களை அடித்து அடக்க ஷாஹித் கானைச் சுரங்க முதலாளி ராமாதீர் சிங் வேலைக்கு வைக்கிறான். ஷாஹித் அதுவரை அதே சுரங்கத்தில் கரி சுமந்த கூலி. நாளைக்கு இவன் நம் இடத்துக்கே வந்துவிடுவானோ என்று பயந்து, ராமாதீர் அவனை வாரணாசிக்கு அனுப்பிக் கொன்றுவிடுகிறான். மூன்று தலைமுறைப் பகை இங்கேதான் தொடங்குகிறது. 1970களில் சுரங்கங்கள் அரசுடைமையான பிறகும் ரவுடித்தனம் ஓயவில்லை. தொழிற்சங்கத்துக்குள் நுழைகிறது, வட்டிக்கு விடுகிறது, குளத்தில் மீன் பிடிப்பவனிடமும் கமிஷன் கேட்கிறது, கடைசியில் பழைய இரும்பு ஏலத்துக்கு வந்து நிற்கிறது. ஒவ்வொரு கொலைக்குப் பின்னாலும் ஏதோ ஒரு வியாபாரம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் ரத்தத்தை மட்டும் அளந்தால் அது எப்படி விமர்சனமாகும்?

வன்முறையைக் கொண்டாடுகிறது என்ற குற்றச்சாட்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. தான் இத்தனை நாள் உயிரோடு இருப்பதற்குக் காரணம் சினிமா பார்க்காததுதான் என்கிறான் ராமாதீர். மற்றவர்கள் மண்டையில் எல்லாம் ஒரு படம் ஓடுகிறது, எல்லோரும் அதில் ஹீரோ ஆக முயல்கிறார்கள் என்கிறான். அந்த வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு ஷாஹித்தின் பேரன் பைசலைப் பாருங்கள். அமிதாப் படங்களில் மூழ்கிக் கஞ்சா புகைக்கும் பையன் அவன். தான் விரும்பும் மொஹ்சினாவின் கையை ஆசையாகப் பிடிக்கிறான். என்னைக் கேட்டுவிட்டுத் தொடக் கூடாதா என்று அவள் கேட்டதும் அழுதுவிடுகிறான். இப்படிப்பட்டவன்தான் துப்பாக்கி எடுக்க வேண்டியதாகிறது. பைசலாக நடித்த நவாசுதீன் சித்திக்கியின் முகத்தில் அந்தப் பாரம் படம் முழுக்கத் தெரியும்.

குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் கதை, இரண்டாம் பாகத்தில் பெர்பெண்டிகுலர், டெஃபனிட் என்ற பையன்கள் வந்த பிறகு இளைத்துத்தான் போகிறது. அதைத் தாராளமாகக் கண்டிக்கலாம்.

தன்பாத் சுரங்க அரசியல் தெரிந்த ஒருவரையும், மதுரைப் படங்களை ஆழமாகப் பார்த்த ஒருவரையும் இந்தப் படத்தைப் பற்றி விரிவாக எழுத வையுங்கள். அமீரிடமோ சசிகுமாரிடமோ ஒரு பேட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
விருதுநகர்